மனசு ஒப்பவில்லை: இது பயமா, ஆவியானவரின் நடத்துதலா?

நாசரேத் மகள் எழுதியது:

அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் ஸ்தோத்திரம். மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். சொந்த ஊர் நாசரேத் பக்கம், சி.எஸ்.ஐ. சபை. அப்பா இல்லை. அம்மா ஊரில் தனியாக இருக்கிறார்கள், சுகர் உண்டு. அண்ணன் வீட்டுக் கடனில் தவித்துக்கொண்டிருக்கிறான்.

ஓமானில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்திருக்கிறது. அங்கே நர்ஸ் வேலைக்கு எழுத வேண்டிய பிராமெட்ரிக் தேர்வு, நேர்காணல் எல்லாம் முடிந்தது. சம்பளம் இங்கே வாங்குவதைவிடப் பல மடங்கு. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். எனக்குத்தான் ஜெபத்தில் உட்காரும்போதெல்லாம் ஒரு தடை. பதற்றம் என்று சொல்ல முடியாது. "இது உனக்கில்லை" என்கிற மாதிரி ஒன்று உள்ளே நிற்கிறது. கூடவே இன்னொன்றும் உண்டு. இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பப்படுகிற நோயாளிகளைப் பார்க்கும்போது, இவர்களுடைய வீட்டுக்கு எந்த நர்ஸ் போவாள் என்ற கேள்வி நெடுநாளாக என்னை விடாமல் இருக்கிறது.

எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் நடத்துகிற பெரியவர் ஒருவர், "கர்த்தர் தரிசனத்தில் விமானத்தைக் காட்டினார், போகாவிட்டால் அது கீழ்ப்படியாமை" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அம்மா அதையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்குள் இருக்கிற தடை ஆவியானவர் தருவதா, புது நாட்டைப் பற்றிய பயமா? முடிவை நீங்கள் சொல்ல வேண்டாம். பிரித்தறிகிற வழி தெரிந்தால் சொல்லுங்கள். மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும்.


ஆவடி விசுவாசி எழுதியது:

சிஸ்டர், கர்த்தருக்கு ஸ்தோத்திரம். கொலோசெயர் 3:15 வாசியுங்கள். "தேவசமாதானம் உங்கள் இருதயங்களில் ஆளக்கடவது." சமாதானம் இல்லாத காரியத்தில் கால் வைக்காதீர்கள். எங்கள் வீட்டில் வேலை, கல்யாணம், வீடு மாற்றம் எல்லாவற்றிலும் இப்படித்தான் நடந்தோம். கர்த்தர் கைவிட்டதில்லை.


உபதேசியார் பேரன் எழுதியது:

ஆவடி பிரதர் சொன்ன வசனத்தை அதற்கு முந்தின மூன்று வசனங்களோடு சேர்த்து வாசிக்க வேண்டும். ஒருவரையொருவர் தாங்குங்கள், மன்னியுங்கள், அன்பைத் தரித்துக்கொள்ளுங்கள் என்று பவுல் ஒரு சபைக்கு எழுதுகிறார். சபைக்குள் ஆள வேண்டிய சமாதானம் அது. அந்த வசனத்தை வைத்து ஒரு தனி ஆள் வேலைக்குப் போகலாமா என்று முடிவு செய்வது, அதற்கு இல்லாத சுமையை அதன்மேல் ஏற்றுவதாகும்.

சமாதானத்தை மட்டும் அளவாக வைத்தால் யோனாவை எங்கே வைப்பது? கர்த்தருடைய சமுகத்தைவிட்டு ஓடுகிறவன், கப்பலின் கீழ்த்தட்டில் அயர்ந்த நித்திரை பண்ணினான். மேலே புயல். சமாதானமாகத் தூங்கினவன் கீழ்ப்படியாதவன்! அதே நேரம் கெத்செமனேயில் நம் ஆண்டவர், "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது" என்கிறார். பிதாவின் சித்தத்தின் நடுவில் நின்றவருக்கு அந்த இரவு இளைப்பாறுதல் இல்லை.

ஆகவே தங்கச்சி, மனசு அமைதியாக இருக்கிறதா இல்லையா என்பதோடு நிறுத்தாதே. அந்த அமைதி எங்கிருந்து வருகிறது, எங்கே கொண்டுபோகிறது என்று பார்.


ஆவடி விசுவாசி எழுதியது:

யோனா விஷயம் சரிதான் பிரதர், யோசிக்க வேண்டியதுதான். ஆனால் யோனாவுக்குக் கட்டளை ஏற்கெனவே தெளிவாக வந்துவிட்டது. அதை மீறித்தான் தூங்கினான். சிஸ்டருக்கு அப்படி ஒரு கட்டளை வரவில்லை. இரண்டு வழியும் பாவமில்லாதபோது உள்ளத்தில் வருகிற உணர்த்துதலைத் தவிர வேறு எதைப் பிடிப்பது?


வேதவாசகன் எழுதியது:

வேதத்தையும் ஞானத்தையும் பிடிக்கலாம். கேட்கக் கடினமாக இருக்கும், ஆனாலும் சொல்கிறேன். ஒவ்வொரு முடிவுக்கும் தேவன் ஒரு ரகசியப் பதிலை ஒளித்துவைத்திருக்கிறார், நாம் அதை உள்ளத்தில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்று வேதம் எங்கேயும் சொல்லவில்லை. 1 கொரிந்தியர் 7:39ல் விதவை தனக்கு இஷ்டமானவனை விவாகம்பண்ணிக்கொள்ள விடுதலையாயிருக்கிறாள், கர்த்தருக்குட்பட்டவனாக மட்டும் இருக்க வேண்டும் என்கிறார் பவுல். கல்யாணத்திலேயே அந்த விடுதலை இருக்கும்போது வேலையில் இருக்காதா?

"எவர்கள் தேவனுடைய ஆவியினாலே நடத்தப்படுகிறார்களோ" என்கிற ரோமர் 8:14ஐயும் இதற்கு இழுக்கிறார்கள். முந்தின வசனம் சரீரத்தின் செய்கைகளை அழிப்பதைப் பற்றியது. அங்கே நடத்துதல் என்பது பரிசுத்த வாழ்வு. எந்த ஊரில் வேலை செய்வது என்ற பேச்சே அங்கு இல்லை. இருதயமோ எரேமியா 17:9 சொல்கிறபடி எல்லாவற்றைப்பார்க்கிலும் திருக்குள்ளது. அதைக் கேட்டு நடப்பது ஆபத்து. சகோதரி ஞானமாக யோசித்து, ஜெபித்து, எதைத் தேர்ந்தாலும் சுத்த மனசாட்சியோடு போகலாம்.


திண்டுக்கல் வாசகர் எழுதியது:

நான் கத்தோலிக்கன். இடையில் பேசுவதற்கு மன்னிக்கவும். வேதவாசகன் ஐயா சொன்ன விடுதலை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் உள்ளத்தின் அசைவுகளை மொத்தமாக ஒதுக்கிவிட்டால், தூய ஆவியார் நம்மில் குடியிருக்கிறார் என்று சொல்வதற்கு அன்றாட வாழ்வில் என்ன அர்த்தம் மிஞ்சும்? அசைவுகளை நம்புவதற்கு முன் அவற்றைக் கவனிக்கப் பழக வேண்டும். அதற்கு எங்கள் மரபில் ஒரு வழி இருக்கிறது. சகோதரி கேட்டது வழியைத்தானே.

புனித இஞ்ஞாசியார் போர்வீரர். 1521ல் பம்ப்லோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் உடைந்தது. லொயோலாவில் தம் வீட்டில் மாதக்கணக்கில் படுக்கை. வாசிக்க அங்கே கிடைத்தவை கிறிஸ்துவின் வாழ்க்கையும் புனிதர்களின் வரலாறும். படுத்தபடி இரண்டு விதமான கனவுகள் காண்பார். ஒன்று, ஒரு பெருமாட்டியின் மனத்தைக் கவர வீரச்செயல் செய்வது. இன்னொன்று, புனிதர்களைப்போல் எல்லாவற்றையும் விட்டு நடப்பது. நினைக்கும்போது இரண்டுமே இனித்தன. நினைத்து முடித்த பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது. முதல் கனவு வறட்சியை விட்டுச்சென்றது. இரண்டாவது போன பிறகும் மகிழ்ச்சி நின்றது. தெளிந்து தேர்தல் என்று நாங்கள் சொல்வதெல்லாம் அந்தக் கவனிப்பிலிருந்து முளைத்ததுதான். இயேசு சபை 1540ல் உருவானது. அவருடைய தோழர் சவேரியார் 1542ல் முத்துக்குளித்துறைக்கு வந்து உங்கள் ஊர்ப் பக்கத்துக் கடற்கரையெல்லாம் நடந்தவர்.

இஞ்ஞாசியார் தந்த விதிகளில் சகோதரிக்கு உதவக்கூடியவை சில. முதலாவது, மனம் இருண்டு, ஜெபம் வறண்டு, நம்பிக்கை தளர்ந்திருக்கும் நேரத்தில் முன்பு எடுத்த முடிவை மாற்றாதே. நைட் டியூட்டி முடித்துக் களைத்து உட்கார்ந்து ஜெபிக்கும்போது மட்டும் அந்தத் தடை வருகிறதா, நன்றாகத் தூங்கி எழுந்து மனம் தெளிந்திருக்கும்போதும் வருகிறதா என்று பாருங்கள்.

அடுத்து, ஓர் எண்ணத்தின் தொடக்கம், நடு, முடிவு மூன்றையும் பாருங்கள். கெட்ட ஆவி ஒளியின் தூதன் வேடத்திலும் வரும் என்பதால், தொடக்கத்தில் பக்தியாகத் தெரிவது மட்டும் போதாது. அந்த எண்ணம் போகப்போக உங்களை அன்பிலும் உண்மையிலும் வளர்க்கிறதா, இல்லை சுயபரிதாபத்திலோ பெருமையிலோ கொண்டுபோய் நிறுத்துகிறதா?

இன்னும் தெளியவில்லை என்றால் அவர் கற்பனையை உபயோகிக்கச் சொல்கிறார். முன்பின் அறியாத ஒரு பெண் இதே நிலையில் உங்களிடம் வந்து கேட்டால் என்ன சொல்வீர்கள்? மரணப் படுக்கையில் இருந்து திரும்பிப் பார்த்தால் எதைத் தேர்ந்திருக்க விரும்புவீர்கள்? இறுதித் தீர்ப்பு நாளில்? இதற்கெல்லாம் முன் தராசு முள்போல எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும் வரத்தைக் கேளுங்கள். ஓமானும் எனக்குச் சம்மதம், ஊரும் சம்மதம் என்று மனமாரச் சொல்ல முடிகிற இடம் அது. அங்கே வந்து சேரவே பல நாள் ஆகும், அந்த நாட்களை அவசரப்பட்டுத் தாண்டாதீர்கள்.

2022ன் பிற்பகுதியில் திருத்தந்தை பிரான்சிஸ் புதன்கிழமை மறைக்கல்வியில் இதைத்தான் வாரந்தோறும் விளக்கினார். அவரும் இயேசு சபைக்காரர்.


நாசரேத் மகள் எழுதியது:

திண்டுக்கல் ஐயா, நீங்கள் எழுதியதை இரவு உட்கார்ந்து செய்து பார்த்தேன். உள்ளபடி சொல்கிறேன்.

ஓமானை நினைத்தால் முதலில் சந்தோஷம் வருகிறது. கடன் அடைந்த வீடு, அண்ணன் முகத்தில் சிரிப்பு, ஊரில் மரியாதை. அது காலையில் காணாமல் போய்விடுகிறது. வீடுகளுக்குப் போய் நோயாளிகளைப் பார்க்கிற வேலையை நினைத்தால் முதலில் பயம்தான் வருகிறது. சம்பளம் குறைவு, அண்ணன் கோபிப்பான், நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். அந்தப் பயத்துக்குக் கீழே ஏதோ ஒன்று அசையாமல் இருக்கிறது. நன்றாகத் தூங்கி எழுந்த லீவு நாளிலும் அது அப்படியே இருக்கிறது.

ஆனால் மரணப் படுக்கைக் கேள்வியில் மாட்டிக்கொண்டேன். அண்ணன் தவிக்கும்போது நான் விலகி நின்றதாக அது தெரியுமோ என்று மனசு சுடுகிறது.


மட்டக்களப்பு மெதடிஸ்ட் எழுதியது:

தங்கச்சி, அந்த விமானத் தரிசனத்தைப் பற்றி ஒரு கதை சொல்ல வேணும். எங்கட சபையின்ர ஸ்தாபகர் ஜான் வெஸ்லியின்ர கதைதான்.

1737, அமெரிக்காவில ஜார்ஜியா. வெஸ்லி அங்க குருவானவர். சோஃபியா ஹொப்கி எண்ட பெண்ணில அவருக்கு அன்பு. கல்யாணம் கட்டுறதா வேண்டாமா எண்டு ஒரே குழப்பம். கடைசியில மூண்டு சீட்டு எழுதினார். "விவாகம் செய்", "இந்த வருஷம் நினைக்காதே", "இனி நினைக்கவே வேண்டாம்". ஜெபிச்சு எடுத்தது மூண்டாவது சீட்டு. அதையே தேவசித்தம் எண்டு எடுத்துக்கொண்டார். கொஞ்ச நாளில அந்தப் பெண் வேற ஒருவரைக் கட்டினா. பிறகு வெஸ்லி அவவுக்கு நற்கருணை குடுக்க மறுக்க, வழக்கு வந்து, அந்த வருஷக் கடைசியில அவர் ஜார்ஜியாவை விட்டுப் போக வேண்டி வந்தது. சீட்டு அவரை முடிவு எடுக்க வைச்சது, ஆனா உள்ளுக்குள்ள இருந்த காயத்தையும் ஆசையையும் அவர் தேவனுக்கு முன்னால விரிச்சு வைக்க வழி விடேல்ல.

அடுத்த வருஷம் மே 24 லண்டனில அல்டர்ஸ்கேற் தெருக் கூட்டத்தில அவற்ற இருதயம் அனலானது எல்லாருக்கும் தெரியும். அதுக்குப் பிறகு அவர் கட்டின சபையைப் பாருங்கோ. 1742இல இருந்து சின்னச் சின்ன வகுப்புக் கூட்டங்கள். கிழமைக்கு ஒருக்கா சேர்ந்து, "உன்ர ஆத்துமா எப்பிடி இருக்கு" எண்டு ஒருத்தரை ஒருத்தர் கேட்கிறது. உள்ளத்தில நடக்கிறதை மதிக்கிறவர், அதைத் தனிய விட்டுவைக்கேல்ல.


புதுவருட அட்டை எழுதியது:

அண்ணா, அப்படியென்றால் டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எடுக்கிற வாக்குத்தத்த அட்டையும் தப்பா? எனக்கு இந்த வருடம் ஏசாயா 30:21 வந்தது. "வழி இதுவே, இதிலே நடவுங்கள்." இதை எழுதத்தான் இந்த இழைக்குள் வந்தேன்.


மட்டக்களப்பு மெதடிஸ்ட் எழுதியது:

தப்பு எண்டு நான் சொல்லமாட்டன். ஜெர்மனியில ஹெர்ன்ஹூட் எண்ட ஊரில மொராவிய சகோதரர் சபை 1731இல இருந்து ஒவ்வொரு நாளுக்கும் சீட்டுப்போட்டு ஒரு வசனம் எடுத்து அச்சிட்டுக்கொண்டே வருகினம். அந்தச் சபையார் 1760இல தரங்கம்பாடிக்கும் வந்து குடியேறினவை. ஆனா அந்த வசனம் முழுச் சபையும் அண்டைக்குச் சேர்ந்து தியானிக்கிறதுக்கு. கல்யாணத்துக்கும் சீட்டுப் போட்ட காலம் அவைக்கு இருந்தது, 1818இல சாதாரண அங்கத்தவருக்கு அந்தக் கட்டாயத்தை எடுத்திட்டினம். உங்கட வசனத்தை வருஷம் முழுக்க மென்று கொண்டிருங்கோ. அதைக் கொண்டு எந்த பஸ்ஸில ஏறுறது எண்டு பார்க்க வேண்டாம்.


மஸ்கட் அக்கா எழுதியது:

நான் ஓமானில் பல வருடம் நர்ஸாக இருந்து ஊருக்குத் திரும்பியவள். எல்லாரும் ஆவிக்குரிய காரியத்தைப் பேசுகிறீர்கள், நல்லது. நான் தாளில் உள்ளதைப் பேசுகிறேன். அதுவும் கர்த்தர் பேசுகிற வழிதான் என்று நம்புகிறேன்.

யார் மூலமாக வேலை வந்தது? ஓமான் உட்பட, அரசின் குடியேற்ற அனுமதி கேட்கிற பட்டியலில் உள்ள நாடுகளுக்கு நர்ஸ் எடுக்கும் வேலையை 2015லிருந்து மத்திய அரசு தன் அங்கீகாரம் பெற்ற அரசு நிறுவனங்கள் வழியாகக் கொண்டுவந்தது. கேரளத்துக்கு நோர்கா, ஓடெபெக். நம் தமிழ்நாட்டுக்கு 1978லிருந்து இயங்குகிற அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். இடையில் ஒரு ஏஜென்ட் லட்சக்கணக்கில் கேட்கிறாரா? அசல் சான்றிதழைக் கையில் கொடுக்கச் சொல்கிறாரா? விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்கிறாரா? இதில் ஏதாவது ஒன்றுக்கு ஆம் என்றால் உன் உள்ளத் தடைக்கு வேறு விளக்கம் தேட வேண்டாம். சில நேரம் மூளை ஒரு கோளாறை முழுசாகப் புரிந்துகொள்வதற்கு முன்பே உள்ளம் கண்டுபிடித்துவிடும். ஒப்பந்தத்தை எடுத்து வரி வரியாக வாசி.

இன்னொன்று. ஓமான் போவது பணத்தாசை, ஊரில் இருப்பது ஊழியம் என்று யாரும் எழுதிவிடாதீர்கள். ரூவியில் உள்ள ஆலயங்களில் வெள்ளிக்கிழமை போய்ப் பாருங்கள். தாயையும் தம்பி தங்கைகளையும் தாங்குகிற எத்தனை நர்ஸ்கள் கண்ணீரோடு ஆராதிக்கிறார்கள் தெரியுமா! தன் வீட்டாரை விசாரியாதவன் விசுவாசத்தை மறுதலித்தவன் என்று 1 தீமோத்தேயு 5:8 சொல்கிறது. அவர்களில் பலரைக் கர்த்தர்தான் அங்கே அனுப்பினார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.


நாசரேத் மகள் எழுதியது:

அக்கா, அரசு நிறுவனம் வழியாகத்தான் வந்தது. ஒப்பந்தமும் வாசித்தேன், எல்லாம் சரியாக இருக்கிறது. அதனால்தான் குழப்பம் அதிகம். குறை சொல்ல ஒன்றும் இல்லாத வேலைக்கு மனசு ஏன் ஒப்பவில்லை?


மனநலச் செவிலியர் எழுதியது:

சகோதரிக்கும் இதை வாசிக்கிற மற்றவர்களுக்கும் என் துறையிலிருந்து ஒன்று சொல்ல வேண்டும். "ஆவியானவர் சொல்கிறார்" என்று வார்டுக்கு வருகிறவர்களை நான் பார்க்கிறேன். நான் விசுவாசி. அவர்களுடைய விசுவாசத்தை நோய் என்று ஒருபோதும் சொல்லமாட்டேன். ஆனால் சில அடையாளங்கள் தெரிந்தால் சபைக்குப் போவதோடு மருத்துவரிடமும் போக வேண்டும். பல நாள் தூக்கமே இல்லாமல் சத்தம் கேட்பது, தன்னையோ பிறரையோ காயப்படுத்தச் சொல்வது, உண்ணாமல் குடிக்காமல் இருக்கக் கட்டாயப்படுத்துவது, யாரிடமும் சொல்லக்கூடாது என்று மிரட்டுவது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.

இன்னொரு வகை வெளியே தெரியாது. மிகப் பக்தியான பிள்ளைகளுக்கு வரும். "இந்தப் பக்கம் திரும்பாவிட்டால் கர்த்தர் கோபப்படுவார், திரும்ப ஜெபி, இன்னும் சரியாக ஜெபிக்கவில்லை" என்று எண்ணம் ஓயாமல் துரத்தும். இஞ்ஞாசியாரே மன்ரேசாவில் இருந்தபோது, செய்த பாவத்தைச் சரியாக அறிக்கையிடவில்லையோ என்ற உறுத்தலில் உயிரை விட்டுவிடலாமா என்கிற அளவுக்குப் போனவர். அப்படித் துரத்துகிற குரலுக்குக் கீழ்ப்படியக் கீழ்ப்படிய அது இன்னும் அதிகமாகக் கேட்கும். அது நடத்துதல் இல்லை. சிகிச்சை உண்டு, குணமாகும்.

நாசரேத் தங்கை எழுதியதில் இவை ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. அவளுக்குள் இருப்பது மிரட்டவில்லை, அவசரப்படுத்தவில்லை, கேள்வி கேட்டால் ஓடவும் இல்லை. மிரட்டல் இருப்பது வெளியிலிருந்து வந்த வார்த்தையில். "போகாவிட்டால் கீழ்ப்படியாமை."


உபதேசியார் பேரன் எழுதியது:

அதைத்தான் நானும் எழுத இருந்தேன். அப்போஸ்தலர் 21ஐ எடுங்கள். தீருவில் சீஷர்கள் ஆவியின் ஏவுதலினாலே பவுலை எருசலேமுக்குப் போகவேண்டாம் என்கிறார்கள். செசரியாவில் அகபு வந்து பவுலின் கச்சையால் தன் கைகால்களைக் கட்டிக் காட்டுகிறான். எல்லாரும் அழுகிறார்கள். பவுல் போகிறார். யாரும் அவரைக் கீழ்ப்படியாதவன் என்று சொல்லவில்லை. "கர்த்தருடைய சித்தம் ஆகக்கடவது" என்று அமைந்துவிட்டார்கள். வரப்போவது அகபுவுக்குக் காட்டப்பட்டது உண்மை. பவுல் என்ன செய்ய வேண்டும் என்பது பவுலுக்கும் கர்த்தருக்கும் நடுவில் இருந்தது. ஆவிக்குரியவர்கள் அந்த எல்லையை மதித்தார்கள்.

துரோவாவில், வந்து உதவிசெய் என்று ஒரு மக்கெதோனியன் அழைத்த தரிசனம் பவுல் ஒருவருக்குத்தான். ஆனால் கர்த்தர் அழைத்தார் என்று நிச்சயித்துக்கொண்டது கூட இருந்த எல்லாரும். போன இடத்தில் கிடைத்தது அடியும் தொழுமரமும். ஆகவே போன பிறகு கஷ்டம் வந்தால் நடத்துதல் பொய் என்றும் ஆகாது, வழி திறந்தால் மெய் என்றும் ஆகாது.

ஒரு பெரியவரின் தரிசனத்தைக் கேள், எடைபோடு. உன் சார்பாக உன் கீழ்ப்படிதலை அவர் தீர்மானிக்க முடியாது. அதை எல்லார் முன்னாலும் சொல்லி அம்மாவைக் கலங்கவைத்தது தவறு என்று நான் வெளிப்படையாகச் சொல்வேன்.


ஆவடி விசுவாசி எழுதியது:

பிரதர், எங்கள் சபைகளில் தீர்க்கதரிசனம் உண்டு, அதை நான் விடமாட்டேன். ஆவியை அவித்துப்போடாதிருங்கள் என்று எழுதியிருக்கிறது. ஆனால் நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். அதே இடத்தில் எல்லாவற்றையும் சோதித்துப்பாருங்கள் என்றும் இருக்கிறது. 1 கொரிந்தியர் 14:29ல் இரண்டு மூன்று பேர் பேசலாம், மற்றவர்கள் நிதானிக்கக்கடவர்கள். நிதானிக்க இடம் கொடுக்காத தீர்க்கதரிசனம் எங்கள் முறைப்படியும் ஒழுங்கு மீறினதுதான். சிஸ்டர், அந்த வார்த்தையின் பாரம் உங்கள்மேல் இருக்க வேண்டாம் என்று இன்று காலை ஜெபித்தேன்.


வேலூர் பழைய மாணவி எழுதியது:

"குறை சொல்ல ஒன்றும் இல்லாத வேலைக்கு மனசு ஏன் ஒப்பவில்லை" என்று கேட்டாயே தங்கச்சி, எங்கள் கல்லூரியில் முதல் நாளிலிருந்து கேட்டு வளர்ந்த ஒரு வாழ்க்கையைச் சொல்கிறேன்.

ஐடா ஸ்கடர் 1870ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். குடும்பமே மிஷனரி மருத்துவக் குடும்பம், தாத்தா 1819ல் இலங்கைக்கு வந்தவர். ஐடாவுக்கோ இந்தியாவில் இருக்கவே விருப்பமில்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனம் வந்தார், குணமானதும் அமெரிக்காவுக்குத் திரும்பிவிடலாம் என்ற எண்ணத்தோடு. ஓர் இரவு மூன்று ஆண்கள் ஒருவர்பின் ஒருவராக வந்தார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவரும் உயர்சாதி இந்து. மூவரின் மனைவியருக்கும் பிரசவம் சிக்கல். மருத்துவரான அப்பாவை அழைத்துப்போங்கள் என்றார் ஐடா. ஆண் மருத்துவர் தொடக்கூடாது, நீங்கள் வாருங்கள் என்றார்கள். அவருக்கு மருத்துவம் தெரியாது. அந்த இரவு தூங்கவில்லை. காலையில் மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்.

அதன் பிறகு அவர் செய்ததைக் கவனி. தேவனிடம் போராடி ஜெபித்தார். பெற்றோரிடம் சொன்னார். அமெரிக்காவுக்குத்தான் போனார், ஆனால் படிப்பதற்கு. 1899ல் கார்னெல்லில் மருத்துவப் பட்டம். 1900ல் திரும்பி வந்து வேலூரில் ஒரு படுக்கையோடு தொடங்கினார். 1902ல் மருத்துவமனை, 1909ல் நர்சிங் பள்ளி, 1918ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. உள்ளே எழுந்த அழைப்பு, வாசலில் வந்து நின்ற தேவையோடு பொருந்தியது. படிப்பின் கடினத்திலும் அது தேயவில்லை. தரிசனத்தைவிட இந்த இரண்டையும் நான் பெரிய அடையாளமாக நினைக்கிறேன்.

இதே கதையில் உன் ஓமானும் இருக்கிறது. ஸ்கடர் குடும்பத்தை ஆற்காட்டுக்கு அனுப்பிய அதே அமெரிக்கச் சபைதான் மஸ்கட் பக்கத்தில் முத்ராவிலும் ஆஸ்பத்திரி நடத்தியது. எந்தத் திசையும் கர்த்தருக்குத் தூரமில்லை. உன் வாசலில் யார் வந்து நிற்கிறார்கள் என்பதுதான் நீ பார்க்க வேண்டியது.

ஒன்று செய். கையெழுத்துக்கு முன் லீவு போட்டுவிட்டு, "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீடு வீடாகப் போகிற வலிநிவாரணச் செவிலியர் யாரையாவது அனுமதி கேட்டுப் பின்தொடர்ந்து போய்ப் பார். 2021லிருந்து அந்த வேலை நம் மாவட்டங்களில் நடக்கிறது. பயிற்சி வேண்டும் என்றால் உங்கள் ஊரிலிருந்து திருவனந்தபுரம் தூரமில்லை, பாலியம் இந்தியா என்கிற வலிநிவாரணப் பராமரிப்பு அமைப்பு அங்கே இருக்கிறது. கோழிக்கோட்டிலும் 1993லிருந்து இந்தப் பணி வளர்ந்திருக்கிறது. தூரத்திலிருந்து நினைப்பதை அழைப்பு என்று எண்ணிக்கொள்வது சுலபம். நாற்றமும் அழுகையும் இருக்கிற வீட்டுக்குள் போய்விட்டு வெளியே வந்தபிறகும் அது நிற்கிறதா பார்.


வேதவாசகன் எழுதியது:

இந்த யோசனையோடு நான் முழுவதும் உடன்படுகிறேன். உள்ளே வருகிற எண்ணத்துக்கு என்ன பெயர் வைப்பது என்பதில் எனக்கும் மற்றவர்களுக்கும் வேறுபாடு இருக்கிறது, அது இன்று தீராது. ஆனால் அதை இப்படி வெளியே கொண்டுவந்து, மற்றவர் கண்முன் வைத்து, செய்து பார்த்துச் சோதிப்பதை ஞானம் என்று நானும் சொல்வேன். யாக்கோபு 3:17ல் பரத்திலிருந்து வருகிற ஞானத்துக்கு உள்ள குணங்களில் இணக்கமும் ஒன்று. பிறர் சொல்வதைக் கேட்க மறுக்கிற எண்ணத்தை நான் நம்பமாட்டேன்.

கடன் விஷயத்தையும் சோதனைக்குள் கொண்டுவாருங்கள். அண்ணனை உட்காரவைத்து மொத்தக் கடன் எவ்வளவு, மாதத் தவணை எவ்வளவு, இங்கே இருந்தபடி நீங்கள் எவ்வளவு தாங்க முடியும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். மரணப் படுக்கைக் கேள்வியில் சுட்டது அந்த இடம்தானே.


திண்டுக்கல் வாசகர் எழுதியது:

சிறு சேர்க்கை. க்வேக்கர் சபையாரிடம் ஒரு பழைய வழக்கம் உண்டு. முடிவெடுக்கத் திணறுகிறவரோடு நம்பிக்கைக்குரிய சிலர் மௌனமாக உட்கார்வார்கள். யாரும் ஆலோசனை சொல்லக்கூடாது, நேர்மையான கேள்வி மட்டும் கேட்கலாம். பதில் அவருக்குள்ளிருந்தே வெளிவரக் காத்திருப்பார்கள். முதலில் கல்யாணங்களுக்காக வந்த முறை, பிறகு மற்ற முடிவுகளுக்கும் பரவியது. சகோதரிக்கு இது பொருந்தும் என்று தோன்றுகிறது. அறிவுரை அவருக்கு ஏற்கெனவே போதுமான அளவு கிடைத்துவிட்டது.


நாசரேத் மகள் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. சொல்லிக்கொண்டே போக முடியாது, கண் கலங்குகிறது.

அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் கேட்டு கையெழுத்துக்குக் கொஞ்சம் அவகாசம் வாங்கியிருக்கிறேன். அடுத்த வாரம் லீவு. ஊரில் வீடுகளுக்குப் போகிற ஒரு நர்ஸ் அக்காவிடம் பேசிவிட்டேன், அனுமதி வாங்கிக் கூட்டிப்போகிறேன் என்றிருக்கிறார்கள். அண்ணனிடம் கடன் தாளைக் கேட்டேன். முதலில் கோபித்தான், பிறகு கொண்டுவந்து கொடுத்தான். தோழி ஒருத்தியும், எங்கள் ஆஸ்பத்திரியில் ஓய்வு பெற்ற ஒரு சிஸ்டரும், எங்கள் சபை ஆயர் அம்மாவும் சனிக்கிழமை என்னோடு உட்கார்ந்து கேள்வி மட்டும் கேட்கச் சம்மதித்திருக்கிறார்கள்.

ஒன்று மட்டும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை ஜெபத்தில் அந்தப் பெரியவர் மறுபடி கேட்பார். அம்மா பக்கத்தில் இருப்பார்கள். மரியாதை குறையாமல் என்ன சொல்வது?


உபதேசியார் பேரன் எழுதியது:

இப்படிச் சொல். "ஐயா, நீங்கள் எனக்காக ஜெபிக்கிறதற்கு நன்றி. நீங்கள் சொன்ன வார்த்தையைக் கர்த்தருக்கு முன்பாக வைத்திருக்கிறேன். எனக்கு இன்னும் உறுதிப்படவில்லை. உறுதிப்படுகிற வரைக்கும் எனக்காக ஜெபியுங்கள், என்னைக் குறித்துச் சபையில் பேச வேண்டாம்." அதற்குமேல் விளக்காதே. விளக்கப் போனால் வாக்குவாதம் ஆகும். அவர் திரும்பச் சொன்னால் இதையே திரும்பச் சொல்.

அம்மாவிடம் வெள்ளிக்கிழமைக்கு முந்தியே தனியாகப் பேசிவிடு. தரிசனம் சரியா தப்பா என்று அவர்களோடு பேசாதே. நீ போகாவிட்டால் என்ன ஆகும் என்று பயப்படுகிறார்கள் என்று கேள். கடனா, ஊர்ப் பேச்சா, கர்த்தர் தண்டிப்பாரோ என்பதா? அந்தப் பயத்துக்குத்தான் நீ பதில் சொல்ல வேண்டும்.


மஸ்கட் அக்கா எழுதியது:

அம்மாவோடு நானும் பேசட்டுமா? போனில் போதும். அங்கே போனவள் ஒருத்தி, போகாதவளையும் கர்த்தர் நடத்துவார் என்று சொன்னால் அவர்கள் கேட்கக்கூடும். விருப்பமென்றால் தனிச்செய்தியில் எழுது. போகத்தான் வேண்டும் என்று உனக்கு உறுதிப்பட்டாலும் எழுது, முதல் மாதம் அங்கே என்னென்ன தேவைப்படும் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன்.


ஆவடி விசுவாசி எழுதியது:

சனிக்கிழமை எத்தனை மணிக்கு உட்காருகிறீர்கள் சிஸ்டர்? அந்த நேரம் நானும் வீட்டில் முழங்கால் போடுகிறேன். இங்கே இருக்கிற மற்றவர்களும் சேர்ந்துகொள்ளலாம்.


நாசரேத் மகள் எழுதியது:

சாயங்காலம் ஐந்து மணி, ஆயர் அம்மா வீட்டில். அக்கா, தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன்.